முன்சீட்டு

கடல் கொந்தளிக்கப் போகிறது என்று எங்களிடம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து அறைக்குத் திரும்பும்போது, படிக்கட்டுக் கைப்பிடி நெடுக வெள்ளைக் காகிதப் பைகளைச் செருகி வைத்திருந்தார்கள். சாப்பிடப் போகும்போது அவை அங்கே இல்லை. எங்களுக்கு முன்னால் போன ஒருவர் ஒன்றை உருவி, ஊதிப் பார்த்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் நின்றார். கை கொள்ளும் மட்டும் அள்ளி என்னிடம் நீட்டினார்.

"வெச்சுக்க. உனக்கு ஒண்ணு ரெண்டு எந்த மூலைக்கு?"

பின்னால் வந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் பக்கம் திரும்பி, "இவளுக்கு ஊஞ்சல்ல உக்கார வெச்சாலே போதும்மா, வாந்தி வந்துடும்," என்று விளக்கமும் கொடுத்தார். நான் பைகளை வாங்கிக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டேன். புதிதாக வெட்கப்பட என்ன இருக்கிறது? கல்யாணமான நாளிலிருந்து எனக்கு இந்தப் பெயர்தான். எங்கே கிளம்பினாலும் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, கையில் ஒரு எலுமிச்சம்பழம். "அவளும் வர்றாளா? அப்ப வழியில நாலு இடத்துல நிறுத்தணுமே" என்று சொந்தக்காரர்கள் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். நான் ஏறியதும் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து இடம் கொடுப்பார்கள். அது மரியாதை இல்லை, துணி நனையுமே என்ற பயம்.

அவர் பஸ் டிரைவர். போன மாதம்தான் ஓய்வு பெற்றார். டிப்போவில் அவரை 'ஹாரன்' என்றுதான் கூப்பிடுவார்கள். சாலையில் ஒரு கோழி குறுக்கே வந்தாலும் அது மறுபக்கம் போய்ச் சேரும்வரை அடித்துக்கொண்டே இருப்பார். ஒரு விபத்து கிடையாது, ஒரு நாள் லேட் கிடையாது. முதலாளி மனம் குளிர்ந்து எங்கள் இருவருக்கும் இந்தக் கப்பல் பயணத்தைப் பரிசாகக் கொடுத்தார். நான் வரவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. "நான் இருக்கேன்ல? உனக்கு ஒண்ணும் ஆகாம கூட்டிட்டுப் போறது என் பொறுப்பு," என்றார்.

அந்தப் பொறுப்பை எப்படி நிறைவேற்றினார் என்றால், டிக்கெட் அலுவலகத்தில் போய்ச் சண்டை போட்டார். அவர்கள் எங்களுக்கு முதலில் ஒதுக்கியிருந்தது கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் ஒரு சின்ன அறை. அது கூடாது, கப்பலுக்கு முன்னால், மேலே, கண்ணாடி வழியாகக் கடல் தெரிகிற மாதிரி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கவுன்ட்டரில் இருந்த பெண், "சார், ஆட்டம் தாங்காதவங்களுக்கு நடுவுலதான் நல்லது," என்று ஒன்றுக்கு இரண்டு முறை சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். இவர் சிரித்தார். "தலை நரைக்கிற வரைக்கும் வண்டி ஓட்டியிருக்கேன்மா. பின்சீட்டுல உக்கார்றவன்தான் கூரையில முட்டிப்பான். முன்சீட்டுல டம்ளர்ல வெச்ச தண்ணி அசையாது. எனக்குப் போய்ச் சொல்றியே." அவள் அதற்கு மேல் வாதாடவில்லை. கேட்டபடியே கப்பலின் மூக்கு நுனியில் ஓர் அறையைக் கொடுத்துவிட்டாள். எனக்காகத்தான் அவ்வளவும் செய்தார். அதை மறைக்கக்கூடாது.

ஆனால் கப்பல் ஏறும்போது எனக்கு இருந்த கவலை வாந்தியைப் பற்றியது இல்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் என் மகள் போன் செய்திருந்தாள். அவளுக்கு இது இரண்டாவது. மாதம் நெருங்கிவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள், ஒரு பகல் முழுக்க வளைந்து வளைந்து போகிற பாதை. முதல் பிரசவத்துக்கு நான் போகவில்லை. "அந்த மலைப்பாதையில உன் குடலே வெளிய வந்துடும்," என்று அவர் சொன்னார், நானும் தலையாட்டினேன். பேத்தியின் முதல் அழுகையை நான் போனில்தான் கேட்டேன். மாப்பிள்ளை போனைக் குழந்தையின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்திருந்தார் போல, காது வலித்தது. பின்னால் என் மகள் யாரிடமோ தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள். யாரும் கொடுத்த மாதிரித் தெரியவில்லை. 

"வர முடியுமா, முடியாதான்னு சொல்லிடும்மா. முடியாதுன்னா நான் ஆள் பாத்துக்கணும். கோவிச்சுக்க மாட்டேன்," என்றாள் இந்த முறை. கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று பிள்ளைகள் சொன்னால் என்ன அர்த்தம் என்று பெற்றவளுக்குத் தெரியாதா. கப்பலிலிருந்து திரும்பியதும் சொல்கிறேன் என்றேன். அவரிடம் கேட்டதற்கு, "முதல்ல இந்தக் கப்பல்ல நீ முழுசா வந்து எறங்கு, அப்புறம் பேசலாம்," என்று முடித்துவிட்டார்.

சாயங்காலத்துக்குள் கடல் கறுத்துப் போயிற்று. எங்கள் அறை மெல்ல மேலே போகும், அங்கே கொஞ்சம் யோசிக்கும், பிறகு தொப்பென்று இறங்கும். இறங்கும்போது அடியில் யாரோ பெரிய கதவைச் சாத்தினது போல ஒரு சத்தம். அலமாரிக்குள் ஹேங்கர்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன. திரைச்சீலை சுவரை விட்டு விலகி அந்தரத்தில் நின்று, மறுபடி ஒட்டிக்கொண்டது. நான் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, காகிதப் பையைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வாயில் எச்சில் ஊறும், காதுக்குப் பின்னால் குளிரும், பிறகு வரும். வரிசை எனக்கு மனப்பாடம்.

"எடுக்கணும்னா எடுத்துடு, அடக்காதே," என்றார் அவர். அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவர் நடுவிலேயே நிறுத்தினார். அவர் முகத்தில் நிறம் இல்லை. நெற்றியில் வேர்வை முத்து முத்தாகத் துளிர்த்திருந்தது. என் மடியிலிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டார்.

"மத்தியானச் சாப்பாடு சரியில்ல," என்றார், பையிலிருந்து தலையைத் தூக்கி.

"ஆமாங்க," என்றேன்.

அடுத்த பைக்கு, காலையில் பிரஷர் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டதால் என்றார். அதற்கு அடுத்ததற்கு, எவனோ கத்துக்குட்டி ஓட்டுகிறான் என்றார்.  ராத்திரி எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். அவருடைய நெற்றியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நான் வாந்தி எடுக்கும்போதெல்லாம் அவர் வண்டியை ஓரம் கட்டி, இறங்கி வந்து, என் நெற்றியை அப்படித்தான் பிடிப்பார். முகம் கழுவிவிடுவார். அந்தக் கையைக் குறை சொன்னால் எனக்கு நாக்கு அழுகிவிடும்.

விடிந்தபோது அவர் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு ஏதோ போல இருந்தது. இதோ வந்துவிட்டது என்று பையைத் தேடினேன். இல்லை, அது பசி. நன்றாக, வயிறு கிள்ளுகிற பசி.

நடைபாதையில் ஒரு ஆள் இல்லை. தரை எழும்பி வரும்போது முழங்காலைத் தளர்த்திக்கொடுத்து, இறங்கும்போது கொஞ்சம் நின்று, சுவரைத் தொட்டும் தொடாமலும் நடந்தேன். யாரும் சொல்லித்தரவில்லை, கால் தானாகவே செய்தது. சாப்பாட்டுக் கூடத்தில் முக்கால்வாசி மேசைகள் காலி. மேசை விரிப்புகளை ஈரமாக்கிப் போட்டிருந்தார்கள், தட்டு நழுவாமல் இருக்க. பரிமாறுகிறவர் ஒரு பச்சை ஆப்பிளையும் உப்பு பிஸ்கட்டையும் கொண்டுவந்து வைத்து, "இதை மட்டும் மெதுவா சாப்பிட்டுப் பாருங்கம்மா," என்றார்.

"தம்பி, எனக்கு ஒண்ணுமில்ல. முட்டை இருக்கா?" என்றேன்.

இரண்டு முட்டை, நாலு ரொட்டி, டீ. கண்ணாடிக்கு வெளியே அலைகள் வீட்டு உயரத்துக்கு எழுந்து விழுந்துகொண்டிருந்தன. தனியாக உட்கார்ந்து, ஒருவருக்கும் பரிமாறாமல், ஆடுகிற மேசையில் நான் ஒரு வாய் சிந்தாமல் சாப்பிட்டேன். சந்தோஷமாக இருந்தது. அவர் அங்கே துவண்டு கிடக்கும்போது இங்கே எனக்குச் சந்தோஷம். சொன்னால் என்ன.

இரண்டாவது டீ வரும்போதுதான் அது உறைத்தது. பள்ளிக்கூடத்துக்கு நான் பஸ்ஸில்தானே போனேன்? படியில் நின்றுகொண்டு, புளிப்பு மிட்டாய் தின்றுகொண்டு, வளைவுகளில் வேண்டுமென்றே ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்துகொண்டு. ஒரு நாள் குமட்டியதாக ஞாபகம் இல்லை. பிறகு இவர் வந்தார். "அடுத்தவன் ஓட்டுற வண்டியில உன்னை ஏத்த மாட்டேன்" என்பது அவர் வைத்திருந்த சட்டம். இவர் ஓட்டுகிற பஸ், இவர் ஓட்டுகிற இரவல் கார், அவ்வளவுதான் நான் ஏறியது. லாரியின் பின்பக்கத்தை முட்டுகிற அளவுக்குப் போய் நிறுத்துவார், ஒரு கையை வெளியே நீட்டிக் கண்டவனையும் திட்டிக்கொண்டே முந்துவார். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை, "கொஞ்சம் மெதுவா போங்களேன்," என்றேன். வண்டியை நடுவழியில் நிறுத்தினார். "நீயே ஓட்டு," என்று சாவியை என் மடியில் போட்டார். இறங்கிப் போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். வெயில் இறங்கும்வரை கெஞ்சினேன். அன்றைக்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை. வாய் திறந்ததெல்லாம் வாந்திக்குத்தான். என் வயிற்றை நினைத்து எனக்கே பாவமாக இருந்தது. இத்தனை வருஷமாக அதைத் திட்டியிருக்கிறேன்.

அறைக்குத் திரும்பினால், எங்கள் அறையைக் கவனிக்கும் பெண் பைகளைச் சேகரித்துக்கொண்டிருந்தாள். "யாருக்கும்மா முடியல?" என்றவள், கட்டிலைப் பார்த்துவிட்டு, "இந்த அறை அப்படித்தான், தூக்கித் தூக்கிப் போடும். கீழ நடுக்கூடத்துல கொண்டுபோய் உக்கார வைங்க. பாதி ஆட்டம் குறைஞ்சிடும்," என்றாள். அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

அவரை எழுப்பி, இடுப்பில் கை கொடுத்து, ஒவ்வொரு படியாக இறக்கினேன். கப்பல் சாய்ந்தபோதெல்லாம் அவர் விறைத்தார், நான் நிறுத்தி நிறுத்திக் கூட்டிப்போனேன். கீழே நடுக்கூடத்தில் ஏற்கெனவே பத்து இருபது பேர் தரை விரிப்பில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள், ரயில் வராத பிளாட்பாரம் மாதிரி. ஓர் ஓரமாக இடம் பிடித்து அவரை உட்காரவைத்தேன். ஒரு பிஸ்கட்டைக் கடிக்கவைத்தேன். உள்ளே போனது உள்ளேயே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ சாப்பிட்டியா?"

"நல்லா சாப்பிட்டேன்."

"ஒண்ணும் பண்ணலையா?"

"ஒண்ணும் பண்ணல."

அவர் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டார். இதைவிட நல்ல நேரம் வராது என்று தோன்றியது. "நான் பாப்பாகிட்ட போறேங்க. பிரசவத்துக்கு," என்றேன்.

"உனக்குத்தான்..." என்று ஆரம்பித்தார்.  எதிரே ஒரு குழந்தை உருண்டு போகிற பந்தைத் துரத்திக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை நாளைக்கு?"

"குழந்தைக்குத் தலை நிக்கிற வரைக்கும்."

"அவ்வளவு நாளா?" குரல் இறங்கிவிட்டது. "நான் வீட்ல தனியா என்ன பண்ணுவேன்? வேலையும் இல்ல."

இதுதானா, என்று நினைத்தேன். மலைப்பாதையும் இல்லை, என் குடலும் இல்லை. அவர் மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், இரக்கம்தான் வந்தது. ஆனால் இரக்கப்பட்டு இரக்கப்பட்டுத்தான் ஒரு பேத்தி பிறந்ததைப் போனில் கேட்டேன்.

"போறேங்க," என்றேன் மறுபடியும்.

மிச்ச பிஸ்கட்டையும் மென்று முடித்தார். பிறகு ஏதோ பெரிய மனசு பண்ணிக் கொடுக்கிறவர் போல என் கையைப் பிடித்துக்கொண்டார். "சரி, போ. ஆனா கண்டவன் பஸ்ஸெல்லாம் வேண்டாம். காரை இரவல் வாங்கிட்டு நானே ஓட்டிட்டு வந்து விடறேன்."

சரி என்று சொல்லிவிட்டால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். பையை எடுத்துக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஒரு பகல்தானே. சரி என்ற வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.

"வேண்டாங்க," என்றேன். "நீங்க ஓட்டுனாத்தான் எனக்கு வாந்தி வருது."

அவர் என்னைப் பார்க்கவில்லை. நீட்டி வைத்திருந்த தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையை விடவும் இல்லை. அப்போது ஒரு பெரிய அலை வந்து கப்பலைத் தூக்கியது, கூடத்தில் எல்லோரும் ஒரு பக்கமாகச் சரிந்தோம். கப்பல் இறங்கத் தொடங்கியதும், அவருடைய வலது பாதம் தானாக முன்னால் நகர்ந்து, பிரேக்கை மிதிக்கிற மாதிரி தரை விரிப்பைப் பலம் கொண்ட மட்டும் மிதித்தது. மிதித்தபடியே இருந்தது. கப்பல் பாட்டுக்கு இறங்கிக்கொண்டே போயிற்று.