ஒரு சக்கரம் மட்டும் நிமிரவில்லை

யசுதகாவுக்கு நாற்பது வயது. பலகைத் தொழிற்சாலையில் இருபது பேரை அதட்டி வேலை வாங்குகிறவன். அப்பா என்றால் மட்டும் இன்றைக்கும் அவனுக்குப் பயம். அந்தப் புதன்கிழமை காலை ஆறு மணிக்கே என் பட்டறை ஷட்டரைத் தட்டிக்கொண்டு நின்றதும் அதனால்தான்.

“மிசாவோ அக்கா, பத்து மணிக்குள்ள வண்டியைத் தூக்கி நிறுத்திக் குடுங்க. வயசாயிடுச்சுன்னு அப்பா இன்னைக்கு லைசென்ஸைத் திருப்பிக் குடுக்கப் போறாரு.”

“நேத்தே சொல்றதுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?”

“ராத்திரிதான் போன் பண்ணாரு. போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் என் வண்டியை அவரே ஓட்டிட்டுப் போவாராம். வரும்போது நான் ஓட்டணுமாம். கடைசித் தடவைக்கா.”

கோபத்தை விழுங்கிக்கொண்டு ஜாக்கியை உருட்டி வந்தேன். வேறென்ன செய்ய?

அவனுடைய வெள்ளை செடானைப் பார்த்தால் தரையோடு தரையாகப் படுத்திருக்கும். அடியில் ஒரு சிகரெட் பெட்டியைப் படுக்க வைத்துத்தான் நுழைக்க முடியும். நான்கு சக்கரங்களும் தலையை உள்ளே சாய்த்து, காலை வெளியே பரப்பி நிற்கும். எங்கள் ஊரில் இதற்குப் பேய்க் கேம்பர் என்று பெயர். அந்தச் சாய்வைப் பாகை பாகையாகத் திருகி வைத்துக் கொடுக்கிறவள் நான்தான். ஞாயிற்றுக்கிழமை நடக்கும் வண்டிக் கூட்டத்தில் இந்தச் செடானைச் சுற்றி நின்று படம் எடுப்பார்கள். அப்போது யசுவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்திருக்க மாட்டான்.

இந்த வண்டி இப்படி இருப்பது அவன் அப்பாவுக்கு மட்டும் தெரியாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்சி வரும். தரைக்கும் வண்டிக்கும் நடுவே ஒன்பது சென்டிமீட்டர் இல்லாவிட்டால் தேறாது. எஃப்சி அன்று நான் வண்டியைத் தூக்கி, சக்கரங்களை நிமிர்த்திக் கொடுப்பேன். அதே நாளில் இவன் அப்பாவை ஏற்றிக்கொண்டு சோபா நூடுல்ஸ் கடைக்குப் போய்ச் சாப்பிட வைத்து, வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வருவான். மறுநாள் வண்டி பழையபடி படுத்துவிடும். பதினெட்டு வருடமாக இந்தக் கூத்து நடந்தது. மற்ற நாளில் அப்பா வீட்டுக்குப் போனால் பெண்டாட்டியின் குட்டிக் காரில்தான் போவான்.

“சொல்லித் தொலைடா பயந்தாங்கொள்ளி” என்று நானும் பதினெட்டு வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அவன் பயத்தில் நியாயம் இல்லாமலில்லை. தொகுஜிரோ சார் எங்கள் ஊர் டிரைவிங் பள்ளியில் முப்பத்தைந்து வருடம் வாத்தியாராக இருந்தவர். ஊரில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் வாங்கித் தந்தவர். என்னை இரண்டு முறை ஃபெயில் ஆக்கியவரும் அவர்தான். தாழ்த்திய வண்டி எதிரே வந்தால் போதும். “பார்த்துக்குங்க, ரோட்டை மதிக்காதவன் போறான்” என்பார். பின் சீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் யசு.

எட்டரை மணிக்குள் மூன்று சக்கரம் நிமிர்ந்துவிட்டது. பின்னால் இடது சக்கரம்தான் உயிரை வாங்கியது. குளிர்காலத்தில் ரோட்டில் தூவிய உப்பு உள்ளே போய், கேம்பர் திருகை நட்டோடு சேர்த்துத் துருப்பிடிக்க வைத்திருந்தது. எண்ணெய் ஊற்றினேன், சூடு காட்டினேன், ஸ்பேனரில் ஏறி நின்றும் பார்த்தேன். அசையவே இல்லை. மூன்று கால் ஒழுங்காக நிற்க, ஒரு கால் மட்டும் கோணிக்கொண்டு நின்ற வண்டியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரிக்காதீங்கக்கா!” யசுவுக்கு அழுகையே வந்துவிட்டது. “அவர் ஆசையா கேட்டது இது ஒண்ணுதான்.”

“என் வேனை எடுத்துட்டுப் போயேன்டா.”

“வேனை ஓட்டவா கேட்டாரு?”

அப்போதுதான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கோட்டு, டை, கையில் வெள்ளை உறையோடு தொகுஜிரோ சார் நின்றிருந்தார். வீட்டில் இருப்புக்கொள்ளாமல் பஸ் ஏறி வந்துவிட்டாராம். வண்டியை மிசாவோ அக்கா பட்டறையிலிருந்து எடுத்து வருகிறேன் என்று இவனே போனில் உளறி வைத்திருக்கிறான், மடையன்.

யசு கையில் இருந்த துணியைக் கீழே போட்டான். தலை தானாகக் குனிந்தது.

சார் வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்த அதே வரிசையில் வண்டியைச் சுற்றி வந்தார். முன்பக்கம், வலது டயர், குனிந்து அடிப்பக்கம், பின்பக்கம். கோணிய சக்கரத்தின் முன்னால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

“ம். எத்தனை பாகை?”

“பதினொண்ணு சார்” என்றேன்.

“அப்பா, நான் வந்து...”

“இருடா. சுத்திப் பார்க்காம ஒரு வண்டியில ஏறுவேனா நான்? ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து நிப்பே. நாலு டயரும் உள் ஓரத்துல மட்டும் தேஞ்சிருக்கும், வெளி ஓரம் புதுசா இருக்கும். அது எதனாலன்னு எனக்குத் தெரியாதா?”

“அப்ப தெரியுமாப்பா?”

“ரெண்டாவது தடவையே தெரியும். நீயா வாயைத் திறப்பேன்னு பார்த்தேன். சோபா சாப்பிடுறோம், நீ திறக்கல. அடுத்த தடவையும் திறக்கல. அப்புறம்தான் புரிஞ்சது, வகுப்புல நான் பேசின பேச்சு அப்படி.” சார் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். “நாப்பது வயசுப் பிள்ளை என்னைப் பார்த்துப் பயப்படுறது நல்லாவா இருக்கு?”

யசு கீழே கிடந்த துணியை எடுத்து, கோணிய சக்கரத்தைத் துடைக்க ஆரம்பித்தான்.

“சரி, இதை ரோட்டுல எடுத்துட்டுப் போக முடியாது. லைசென்ஸ் குடுக்கப் போறவன் கேஸ் வாங்கிட்டு வரக் கூடாது. மிசாவோ, உன் முற்றம் எவ்வளவு நீளம்?”

“கேட் வரைக்கும் அறுபது மீட்டர் இருக்கும் சார்.”

“போதும். மத்த மூணையும் பழையபடி இறக்கு. இவன் எப்படி ஓட்டுறானோ அப்படியே நானும் ஓட்டணும்.”

காலையில் ஏற்றியதை எல்லாம் இறக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. சார் ஸ்டூலில் உட்கார்ந்து பார்லித் தண்ணீரைக் குடித்துக்கொண்டே ஒவ்வொரு திருகுக்கும் கேள்வி கேட்டார். யசுதான் பதில் சொன்னான். முதலில் திக்கினான். பிறகு நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தவில்லை.

சார் ஸ்டியரிங் பிடித்தார். சீட்டைச் சரி செய்தார், கண்ணாடியைச் சரி செய்தார், பெல்ட் போட்டோமா என்று எங்களைத் திரும்பிப் பார்த்தார். என் சொந்த முற்றத்தில், ஒரு காக்காகூட இல்லாத இடத்தில், இண்டிகேட்டர் போட்டுத்தான் கிளம்பினார். இருபது மீட்டர் போவதற்குள் அடியில் கரகரவென்று ஒரு சத்தம். சார் சட்டென்று நிறுத்தினார்.

“என்னடா அது?”

“வடிகால் மூடிப்பா. பாரம் இருந்தா உரசும். நாங்க இறங்கிக்கணும்.”

“இறங்கணுமா?”

“எங்க கூட்டத்துல அப்படித்தான். மேடு வந்தா ஓட்டுறவரைத் தவிர எல்லாரும் இறங்கிருவோம். தாண்டினதும் ஏறிக்குவோம்.”

சார் ஒரு நொடி அவனைப் பார்த்தார். பிறகு சிரித்தாரே ஒரு சிரிப்பு! முப்பது வருடப் பழக்கத்தில் அவர் பல்லை நான் பார்த்ததே அன்றைக்குத்தான்.

நாங்கள் இறங்கினோம். யசு முன்னால் ஓடிக் குனிந்து, “கோணலா வாங்கப்பா, இடது சக்கரம் முதல்ல, மெதுவா, மெதுவா” என்று கையைக் காட்டினான். மூடியைத் தாண்டியதும் ஏறிக்கொண்டோம். ஐந்து சுற்று வந்தார். ஐந்து முறையும் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று இறங்கி ஏறினோம். கடைசிச் சுற்றில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியைத் திருகிய பிறகும் கை ஸ்டியரிங்கை விடவில்லை. யசு தன் கையை அதன் மேல் வைத்தான். பின் சீட்டில் நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். எனக்கென்ன வெட்கம்?

மத்தியானம் என் வேனில் போனோம். போலீஸ் ஸ்டேஷனில் ஐந்து நிமிட வேலைதான். கவுண்டரில் இருந்த பெண் லைசென்ஸ் அட்டையில் செல்லாது என்று ஓர் ஓட்டை போட்டு, ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று திருப்பித் தந்தாள். சார் அதை வெள்ளை உறைக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டருகே வந்ததும், “வாசல்ல நிறுத்தாதே மிசாவோ. பின்பக்கம் ஷெட்டுக்குப் போ” என்றார்.

ஷெட்டு காலியாக இருந்தது. அவருடைய காரைப் போன வாரமே விற்றிருந்தார். ஷெட்டு வாசலில் ஒரு சாண் உயரத்துக்குக் கல் படி ஒன்று உண்டு. தன் வண்டி அதில் ஏறவே ஏறாது என்று யசு எத்தனையோ முறை என்னிடம் புலம்பிய படி அது. அதைத்தான் காணோம். இருந்த இடத்தில் ரோடு வரைக்கும் நீளமாக ஒரு சிமெண்டுச் சரிவு. ஈரம் இன்னும் முழுசாகக் காயவில்லை. கொத்தனார் கரண்டி பிடித்த கைக்குப் பழக்கமில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. ஓரத்தில் விரல் தடங்கள்கூட இருந்தன.

“நீங்களே போட்டீங்களாப்பா?”

“ஷெட்டு சும்மாதானே கிடக்கு” என்றார் சார். பிறகு, எழுபத்தொன்பது வயதில், பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்கு நிற்கிற முகத்தோடு கேட்டார். “போதுமாடா? அளவு தெரியாமதான் போட்டேன். உரசுமா?”

யசு பேன்ட் அழுக்காவதைப் பார்க்காமல் ரோட்டில் குப்புறப் படுத்தான். கன்னத்தைத் தரையில் வைத்துச் சரிவின் நீளத்தைப் பார்த்தான். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அவன் எதற்காக முகத்தை அங்கேயே வைத்திருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது, சாருக்கும் தெரிந்திருக்கும்.

“கொஞ்சம் உரசும்ப்பா” என்றான் படுத்தபடியே. “ஆனா கூட வர்றவங்க இறங்கிட்டா ஏறிடும்.”

“அவ்வளவுதானே?” என்றார் சார். “அப்ப நான் இறங்கிக்கிறேன்.”