ஐம்பத்திரண்டு கிலோ

என் கூடப்பிறந்த அண்ணன் என்னை எடைபோட்டுப் பார்த்து, வேண்டாம் என்று கழற்றி வைத்தான். அதுவும் என் தராசிலேயே எடைபோட்டு! இதைச் சொல்ல ஆரம்பித்தாலே எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறிவிடும். அடக்கிக்கொண்டு முதலிலிருந்து சொல்கிறேன்.

அண்ணனுக்கு வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் கடை. எனக்குப் பார்சல் அலுவலகத்தில் எடை போடும் கவுன்ட்டர். பன்னிரண்டு வருட அனுபவத்தில் ஒரு பெட்டியைக் கையில் வாங்கினாலே இத்தனை கிலோ என்று சொல்லிவிடுவேன். அதனால் அவன் எனக்கு வைத்த பெயர் தராசு. எங்களுக்குப் பொதுவாக ஒரு கார் உண்டு. பார்த்தால் பின்கதவைத் தூக்கிச் சாமான் ஏற்றுகிற சின்னக் குடும்பக் கார்தான். ஆனால் கம்பெனிக்காரனே உள்ளே பெரிய எஞ்சினை வைத்து அனுப்பிய ஹாட் ஹேட்ச். மூன்று கை மாறி எங்களிடம் வந்து சேர்ந்தது.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைவிடப்பட்ட கல் குவாரிக்கு ஏறும் பாதையில் எங்கள் ஊர்க் கார் கிளப் ஒரு போட்டி நடத்தும். கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடிகாரத்தோடு மோத வேண்டும். மொத்தம் பதினான்கு வளைவு, ஏழாவதுதான் மோசம். அண்ணன் ஓட்டுவான். நான் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்து அடுத்து வருவதைச் சொல்வேன். "வலது, கூர்மை, உள்ள ஒட்டாதே, ஜல்லி கிடக்கு." எட்டு வருடமாக இப்படித்தான். என் வாழ்க்கையில் நான் ஒன்றைச் சொல்லி, மறுபேச்சில்லாமல் ஒருவர் உடனே கேட்ட இடம் அந்தப் பக்கத்து சீட் ஒன்றுதான்.

இரண்டு நிமிடத்துக்குள் மேலே போனால் இறுதிப் போட்டிக்குத் தகுதி. எங்களுக்கு இரண்டு நிமிடம் நான்கு நொடி. எஞ்சினில் கைவைக்க எங்களிடம் வசதி இல்லை.

"எடையைக் குறைக்கலாம், தராசு. ஸ்பேனர் போதும், காசு வேணாம்" என்றான் அண்ணன்.

அன்று பிடித்தது பைத்தியம். பின் சீட் இருபத்துநான்கு கிலோ. ஸ்டெப்னியும் ஜாக்கியும் பதினேழு. கம்பளம், ஸ்பீக்கர், பின் வைப்பர் மோட்டார் எல்லாம் போயின. சத்தம் வராமல் இருக்கத் தரையில் ஒட்டியிருந்த தார்ப் பாளங்களை இரண்டு நாள் உளியால் பெயர்த்தோம், அதில் மட்டும் ஒன்பது கிலோ. கழற்றியதையெல்லாம் என் கவுன்ட்டர் மூடியதும் மூட்டை கட்டிக் கொண்டுவருவான். நான் எடை போட்டு எழுதுவேன். ஸ்டெப்னியைக் கழற்றிய மறுநாளே டயர் பஞ்சராகி நடுரோட்டில் நின்றதை அண்ணி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

"கார்ல இருந்ததை எல்லாம் கழட்டியாச்சு. உங்க தொப்பையைக் கழட்ட எந்த சைஸ் ஸ்பேனர் வேணும்?" என்று அவனிடமே கேட்டாள். அவன் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டான். அடுத்த போட்டியில் இரண்டு நிமிடம் இரண்டு நொடி வந்தது. எனக்கும் வெறி தலைக்கேறியது, பொய் சொல்ல மாட்டேன்.

வருடத்தின் கடைசித் தகுதிப் போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடைக்குப் போனேன். காரின் கதவைத் திறந்தால் என் சீட்டைக் காணோம். தரையில் நான்கு போல்ட் ஓட்டைகள் மட்டும் இருந்தன.

"எங்கே என் சீட்டு?"

அண்ணன் ஒரு மெஷினின் முதுகைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே தலையை விட்டிருந்தான். நிமிரவே இல்லை. "அந்த மூலையில இருக்கு. பதினெட்டு கிலோ."

"அதைக் கழட்டினா நான் எங்கே உக்கார்றது?"

உள்ளே ஒரு ஸ்க்ரூவை முடுக்க ஆரம்பித்தான்.

"அண்ணா, உன்னைத்தான் கேக்கறேன்."

"பக்கத்துல ஆள் இருக்கணும்னு கிளப்புல கட்டாயம் இல்ல" என்றான், மெஷினிடம் பேசுவதைப் போல. "சீட்டு பதினெட்டு. நீ ஐம்பத்திரண்டு. மொத்தம் எழுபது கிலோ. வேற எங்கே போய் நான் எழுபது கிலோ தேடறது?"

"என் எடை உனக்கு எப்படித் தெரியும்?"

"போன வாரம் பேட்டரியைத் தூக்கிக்கிட்டு தராசுல ஏறினியே. அதுல பேட்டரியைக் கழிச்சேன்."

அடப்பாவி! உதவி செய்ய ஏறியவளை எடை போட்டிருக்கிறான்.

"ஏறின ஏணியை எட்டி உதைக்கிறதுன்னா இதுதான். மூஞ்சியைப் பார்த்துச் சொல்லக்கூடத் துப்பில்லையா உனக்கு?" என்று கத்திவிட்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வீடு வரைக்கும் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை போகக்கூடாது என்றுதான் இருந்தேன். அண்ணிதான் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனாள். ஒரு காருக்கு மூன்று ஓட்டம். அண்ணன் தனியாகக் கிளம்பினான். "ஏழாவது வளைவுல முழிக்கட்டும்" என்று நான் வாய்விட்டே சொன்னேன்.

"வாயைக் கழுவுடி. நல்ல நாளும் அதுவுமா" என்றாள் அண்ணி.

அவன் முழிக்கவில்லை. இரண்டு நிமிடம், முக்கால் நொடி. இரண்டாவது ஓட்டத்தில் இரண்டு நிமிடம், அரை நொடி. நான் இல்லாமல் என் அண்ணன் முன்னைவிட நன்றாகவே ஓட்டினான். என்னை ஏமாற்றியதைக்கூட மன்னித்துவிடலாம் போலிருந்தது. இதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரே ஓட்டம் பாக்கி. அண்ணன் காரை வளைய வந்து, இன்னும் எதைக் கழற்றலாம் என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது என் மனசுக்குள் கணக்கு தானாக ஓடியது.

"அண்ணா, நீ தொண்ணூத்தாறு கிலோ."

"அதுக்கென்ன இப்போ?"

"நான் ஐம்பத்திரண்டு. நீ இறங்கி நான் ஏறினா நாப்பத்துநாலு கிலோ குறையும். ஸ்பேனர்கூட வேணாம்."

அண்ணி சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. என் கண்ணைப் பார்த்தான், வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல்தடவையாக. அவனிடம் ஒரு குணம் உண்டு. ஆளோடு எவ்வளவு வேண்டுமானாலும் மல்லுக்கட்டுவான், எண்ணோடு மட்டும் மல்லுக்கட்ட மாட்டான். ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தான்.

நேரம் குறிக்கும் கிளப் கடிகாரக்காரர் என் ஓட்டுநர் அட்டையை வாங்கிப் பார்த்தார். பக்கத்தில் உட்காருகிறவர்களும் ஓட்டுகிறவர்களின் அட்டையே வைத்திருக்க வேண்டும் என்பது கிளப் விதி. "ஓட்டும்மா" என்றார்.

உள்ளே உட்கார்ந்தால் கால் எட்டவில்லை. சீட் முன்னும் பின்னும் நகரும் தண்டவாளத்தையும் மூன்று கிலோ மிச்சம் என்று எடுத்துவிட்டு, தன் காலுக்கு அளவு பார்த்து நேராகத் தரையோடு முடுக்கியிருந்தான். அவனுடைய ஜாக்கெட்டைச் சுருட்டி என் முதுகுக்குப் பின்னால் திணித்தான். பெல்ட்டை இழுத்துக் கட்டினான்.

"ஏழுல அவசரப்படாதே" என்றான்.

"அதை உனக்கு எட்டு வருஷமா சொன்னதே நான்தான்."

கிளம்பினேன். பயிற்சி நாட்களில் அந்தப் பாதையில் மெதுவாக ஓட்டியிருக்கிறேன், கடிகாரத்துக்கு ஓட்டியதில்லை. நோட்டு கையில் இல்லை. என் குரல் மட்டும் இருந்தது. ஒவ்வொரு வளைவையும் சத்தமாகச் சொன்னேன், சொன்னபடியே செய்தேன். அண்ணன் எப்போதும் நான் சொல்லி ஒரு மூச்சு கழித்துத்தான் பிரேக்கைத் தொடுவான். இப்போது சொல்கிறவளும் கேட்கிறவளும் ஒருத்தியே. ஏழாவது வளைவில் பின்பக்கம் லேசாக விலகி, தானே அடங்கியது. பயம் வரவில்லை என்றால் யார் நம்பப்போகிறார்கள்? பயம் வந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாகச் சந்தோஷம் வந்தது.

ஒரு நிமிடம், ஐம்பத்தொன்பது புள்ளி இரண்டு.

கீழே வந்ததும் அண்ணி கட்டிக்கொண்டாள். கடிகாரக்காரர் தாளை நீட்டினார். இறுதிப் போட்டிக்கு ஒரு காருக்கு ஒரே ஒரு பெயர், நேரம் எடுத்தவரின் பெயர். நான் பேனாவை வாங்கிக்கொண்டு அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று குனிந்து அழுத்திக்கொண்டிருந்தான். அந்த டயருக்கு ஒன்றுமே இல்லை.

"அண்ணா, என் பேரை எழுதப்போறேன். உன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்றேன்."

"எழுது" என்றான்.

எழுதினேன்.

காரில் இப்போது ஒருவருக்குத்தான் இடம். அவன் ஓட்டிக்கொண்டு போனான், நான் ஸ்கூட்டரில் பின்னால்.

"சந்தோஷமா இருக்கியா?" என்று அண்ணி கேட்டாள்.

"ரொம்ப."

"அவருக்கு இன்னிக்குச் சோறு இறங்காது."

"எனக்கு வெள்ளிக்கிழமைலேர்ந்து இறங்கல, அண்ணி" என்றேன். அவள் ஸ்கூட்டரை முறுக்கினாள்.

மறுநாள் அலுவலகம் விட்டதும் கடைக்குப் போனேன். ஓட்டுகிற சீட்டையும் கழற்றி வெளியே வைத்திருந்தான். தன் காலுக்கு அளவு பார்த்துப் போட்டிருந்த அந்த சீட்டின் நான்கு ஓட்டைகளையும் வெல்டு வைத்து அடைத்து, தேய்த்துச் சமமாக்கியிருந்தான்.

"அந்தத் தண்டவாளத்தையே திரும்பப் போடலாமே, அண்ணா. ரெண்டு பேரும் ஓட்டலாம்."

"அது மூணு கிலோ" என்றான். "உக்காரு. கால் அளவு பார்க்கணும்."

மூன்று கிலோ ஒன்றுமே இல்லை. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இன்னொரு தடவை சொல்லியிருந்தால் போட்டிருப்பான் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நான் சொல்லவில்லை.

அவன் சீட்டை உள்ளே தூக்கி வைத்தான். நான் ஏறி உட்கார்ந்து கிளட்ச்சை முழுதாக மிதித்தேன். அவன் தரையில் மண்டியிட்டு, சீட்டின் காலருகே சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"போதுமா?"

"இன்னும் ஒரு விரல்கடை முன்னாடி" என்றேன்.