நீலக் கதவு வீட்டுத் தண்ணீர் முறை

எங்கள் தீவில் செய்தியைத் தண்ணீரோடு சேர்த்துத்தான் விடுவோம். வேறு வழியில்லை. இருப்பது ஒரே தொட்டி, ஒரே குழாய் வரிசை. இரண்டு வீட்டில் ஒரே நேரத்தில் திறந்தால் இரண்டு வீட்டுக்கும் காற்றுதான் வரும். அதனால் காலையில் ஊராட்சி அலுவலகத்தில் நான் மைக்கைப் பிடித்து ஒவ்வொரு வீடாகக் கூப்பிடுவேன். "தையல்காரர் வீடு, திறக்கலாம்." அவர்கள் குடம் நிரப்பும்வரை ஒலிபெருக்கியை ஊமையாக வைத்திருக்க முடியுமா? அந்த இடைவெளியில் செய்தி. படகு எப்போது கிளம்பும், நர்ஸ் அம்மா எந்தக் கிழமை வருவார், யாருடைய ஆடு யாருடைய கீரைப் பாத்தியில் நிற்கிறது. பிறகு, "தையல்காரர் வீடு, மூடலாம்."

பூட்டிக் கிடக்கிற வீடுகளையும் கூப்பிடுவேன். எனக்கு முன்னால் மைக் பிடித்தவரும் அப்படித்தான் செய்தார். பிழைக்கப் போனவர்கள் நாளைக்கே வந்து நின்றால் முறை இல்லை என்று சொல்ல முடியுமா என்பார். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பூட்டிய வீட்டு வாசல் குழாயைத் திறந்து, அங்கே நிற்கும் மரத்துக்கு இரண்டு வாளி ஊற்றுவார்கள். அவ்வளவுதான் செலவு.

நீலக் கதவு வீடு என் தங்கச்சியுடையது. நாங்கள் இரண்டு பேரும் பிறந்த வீடு. எனக்குத்தான் புகுந்த வீடு பின்தெருவிலேயே இருக்கிறதே என்று அதை அவளுக்குக் கொடுத்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அங்கே இருந்தால் போதும் என்றுதான் இருந்தேன். இருந்தாளா? அவள் வீட்டுக்காரருக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ வேலை கிடைத்தது. மூட்டை கட்டினாள்.

"ஒரு குடம் தண்ணிக்குக்கூட உன் வாயைப் பாத்துக்கிட்டு நிக்கணும். இதெல்லாம் ஒரு பொழப்பாக்கா?" என்று கேட்டாள்.

"அப்ப போ. கொட்டோ கொட்டுன்னு கொட்டுற ஊருக்கே போ" என்றேன்.

போய்விட்டாள். அதற்குப் பிறகு அவளும் போன் பண்ணவில்லை, நானும் பண்ணவில்லை. சண்டையை ஆரம்பித்தது அவள். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அவளுக்கும் அப்படியே. ஒரே வயிற்றில் பிறந்துவிட்டு வேறெப்படி இருக்கும்?

எங்கள் ஊராட்சியின் பழைய அதிகாரி மாற்றலாகிப் போகும் முன் ஒரு நல்ல காரியம் செய்தார். மைக்குக்குப் பக்கத்தில் ஒரு செல்போனை வைத்து, வெளியூரில் இருப்பவர்களும் தங்கள் போனில் எங்கள் காலைச் செய்தியைக் கேட்கும்படி ஏற்பாடு பண்ணினார். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று திரையில் ஓர் எண் வரும். யார் என்று மட்டும் வராது. அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்தே என் கண் பூத்துப்போனது. ஒன்று கூடினால் அவள்தானோ என்று தோன்றும். ஒன்று குறைந்தால் அதுவும் அவள்தானோ என்று தோன்றும்.

"நீலக் கதவு வீடு, திறக்கலாம்." இவ்வளவு வருஷத்தில் என் தங்கச்சியிடம் நான் பேசியது இது ஒன்றுதான். அவளைப் பார்க்க வேண்டும்போல் இருக்கும். அவள் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருக்கும். இதையெல்லாம் ஒலிபெருக்கியில் சொல்ல முடியுமா? அதனால் அந்த வீட்டு முறையில் நான் படிக்கிற செய்தியே தனி. அவள் வாசல் எலுமிச்சை பூத்ததைப் படிப்பேன். அவளோடு படித்தவளின் குழந்தைக்குப் பல் முளைத்ததைப் படிப்பேன். அவள் வழுக்கி விழுந்த படித்துறைக்கு இப்போதாவது கைப்பிடி வைத்துவிட்டார்கள் என்பதை ஒரு வாரம் படித்தேன்.

"எலுமிச்சை பூத்ததெல்லாம் ஊர்ச் செய்தியாக்கா?" என்று தையல்காரர் பெண்சாதி சிரிப்பாள். அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறவளே அவள்தான்.

"ஊர்த் தண்ணியிலதானே பூத்துது? ஊர்ச் செய்திதான்" என்பேன்.

இந்த லட்சணத்தில் போய்க்கொண்டிருக்கும்போதுதான் புது அதிகாரி வந்தார். வந்ததும் வராததுமாகத் தொட்டியில் ஏறிப் பார்த்தார். அடியில் விரிசல். பாதித் தண்ணீர் மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. அடுத்து என் மேஜைக்கு வந்தார்.

"அம்மா, பூட்டின வீட்டுக்கெல்லாம் முறை கூப்பிடறதுல பம்ப் சும்மா ஓடுது. அடுத்த மாசத்துலேருந்து வேணாம். இணைப்பு வேணும்னா வீட்டுக்காரங்க நமக்குச் சொல்லட்டும். சொல்லாத வீட்டுக் குழாயைக் கழட்டிடலாம்."

"அவங்க சார்பா சொந்தக்காரங்க சொல்லலாமா சார்?"

"வீட்டுக்காரங்கதான் சொல்லணும். இல்லன்னா இந்த ஊர்ல எல்லாரும் எல்லாருக்காகவும் சொல்லிடுவாங்க."

வந்த சில நாளிலேயே ஊரைப் படித்துவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சல். இன்னொரு விதியும் போட்டிருந்தார். எங்கள் வால்வுக்காரர் தன் வீட்டில் உட்கார்ந்தபடியே "எல்லாம் சரியா இருக்கு" என்று புகார்களை முடித்துவைக்கிற கெட்டிக்காரர். அவருக்காகவே போட்ட விதி: புகார் வந்தால் வீட்டுக்காரர் முன்னால் குழாயைத் திறந்து பார்த்த பிறகுதான் அதை முடிக்க வேண்டும். அதுவரை அந்த வீட்டு முறையை நிறுத்தக் கூடாது, குழாயைக் கழற்றவும் கூடாது.

குழாயைக் கழற்றிவிட்டால் அந்த வீட்டுக்கு யார் திரும்பி வருவார்கள்? அது வெறும் சுவராகிவிடும். நான் அறிவிப்பைப் படித்தேன். "பூட்டிய வீட்டுக்காரர்களின் கவனத்திற்கு." ஒரு தரம் படித்தால் போதும் என்றார் அதிகாரி. நான் மூன்று தரம் படித்தேன், அதுவும் நீலக் கதவு வீட்டு முறையில். தினமும் படித்தேன். மாடி வீட்டுக்காரர் போன் பண்ணி, கழற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். வேறு சிலர் வேண்டும் என்றார்கள். அவளிடமிருந்து மூச்சே இல்லை.

"நீயே ஒரு போன் போடேன். வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அவளுக்கு விரல் இல்லையா?" என்றேன். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவள் கேட்கவே இல்லை போலிருக்கிறது. இத்தனை வருஷமும் எலுமிச்சையைப் பற்றி யாருக்குப் படித்தேன்?

மாதம் பிறந்தது. நீலக் கதவு வீட்டைத் தாண்டிப் படிக்க வேண்டிய காலை. தையல்காரர் வீட்டை மூடச் சொன்னேன். வாய் பழக்கத்தில் "நீ" என்று ஆரம்பித்துவிட்டது. இருமிச் சமாளித்துக்கொண்டு, "டீச்சர் வீடு, திறக்கலாம்" என்றேன். சனிக்கிழமைப் படகு இன்ஜின் பழுதால் ஓடாது என்று படித்தேன். வேறு செய்தி மனதில் ஓடவில்லை. "டீச்சர் வீடு, மூடலாம்."

அவ்வளவுதான், ஊர் தலைகீழாகிவிட்டது. டீச்சர் அப்போதுதான் குடத்தோடு குழாயடிக்கு வந்திருக்கிறார். அவர் மூடவில்லை. அடுத்து, தெருமுனை வளைவு வீட்டைக் கூப்பிட்டேன்; அங்கே திறந்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் காற்று. அதற்கடுத்த வீட்டில் யாருமே தயாராக இல்லை. கொஞ்ச நேரத்தில் தெருவே காலிக் குடங்களோடு அலுவலக வாசலில் நின்றது.

"நீலக் கதவு வீடுன்னு நீ சொன்னாத்தான் நான் அடுப்பைத் தணிச்சுட்டுக் குடத்தைத் தேடுவேன். சொல்லாம கொள்ளாம என் வீட்டைக் கூப்பிட்டா?" என்றார் டீச்சர்.

"அறிவிப்புதான் மாசம் பூரா படிச்சேனே?"

"படிச்சே. அது பூட்டின வீட்டுக்காரங்களுக்குத்தானே? எங்களுக்கு என்ன வந்துதுன்னு இருந்துட்டேன்."

வளைவு வீட்டுக்காரி தன் பங்குக்கு, "அந்த வீட்டு முறையிலதான் என் பொண்ணுக்குத் தலை பின்னி முடிப்பேன். பாருங்க, ஒத்தைச் சடையோட நிக்கிறா" என்று பிள்ளையை முன்னால் இழுத்துவிட்டாள். அதிகாரியோ, "ரெண்டு நாள்ல பழகிடும்மா, பழகிடும்" என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் கூச்சலில் போன் அடித்தது. எடுத்தேன்.

"ஒரு புகார் கொடுக்கணுங்க."

என் தங்கச்சி. கொஞ்சம் கனத்திருந்தது, ஆனால் அதே குரல். நான் யாரென்று அவளுக்கும் தெரியாமலா இருக்கும்? இருந்தாலும் 'ங்க' போட்டாள். அப்படியா சேதி என்று நானும் அலுவலகக் குரலை எடுத்தேன்.

"என்ன புகார்?"

"இன்னைக்கு எங்க வீட்டுக்குத் தண்ணி முறை கூப்பிடலைங்க."

"எந்த வீடு?"

"நீலக் கதவு வீடு."

"அது பூட்டிக் கிடக்கு. பூட்டின வீட்டைக் கூப்பிடறதில்லன்னு அறிவிப்பு கொடுத்தாச்சு. கேக்கலையா?"

"கேட்டேன். தினமும் மூணு தரம் கேட்டேன்."

"கேட்டுட்டு ஏன் சொல்லலை?"

"அது மத்தவங்களுக்குன்னு நெனச்சேன்." அவள் குரல் உடைந்துவிட்டது. "ஊரே நிறுத்தினாலும் நம்ம வீட்டைக் கூப்பிடறத நீ நிறுத்த மாட்டேன்னு நெனச்சேன்க்கா."

வாசலில் அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தையல்காரர் பெண்சாதிக்கு எப்படித்தான் புரிந்ததோ, மற்றவர்களைச் சும்மா இருக்கச் சொன்னாள்.

"புகாரைப் பதிஞ்சுக்கறேன். வால்வுக்காரர் வந்து குழாயைத் திறந்து பாக்கணும். வீட்டுல ஆள் இருக்கணும். எப்ப இருப்பே?" என்றேன்.

"சனிக்கிழமைதான் படகு இல்லையே."

"இந்தச் சனிக்கிழமை இல்லாட்டி என்ன? எப்ப வரே?"

"பெரியவனுக்குப் பரீட்சை இருக்குக்கா. அவருக்கு லீவு கிடைக்கணும். பாக்கறேன்."

பாக்கறேன் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இந்தத் தீவிலிருந்து போனவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

"சரி, புகார் நிலுவையிலேயே இருக்கட்டும்."

"இருக்கட்டும்க்கா." மூக்கை உறிஞ்சினாள். "இங்க குழாயில கொட்டோ கொட்டுன்னுதான் கொட்டுது. போதும் மூடுன்னு சொல்றதுக்குத்தான் யாரும் இல்ல."

திட்டலாம் என்று வாயெடுத்தேன். திட்டு வரவில்லை.

"அக்கா, நாளைக்கு நம்ம வீட்டு முறையைக் கொஞ்சம் மெதுவாப் படியேன். எப்பவும் சீக்கிரம் முடிஞ்சுடுது" என்றாள்.

மறுநாள் காலை அதிகாரி என் மேஜைக்கு எதிரில் வந்து நின்றார். "நிலுவைப் புகார் சார், உங்க விதிதான்" என்றேன். அவர் தன் நாற்காலிக்குப் போய்விட்டார்.

"நீலக் கதவு வீடு, திறக்கலாம்."

எலுமிச்சையில் பிஞ்சு பிடித்திருப்பதைப் படித்தேன். நர்ஸ் அம்மா வரும் கிழமையைப் படித்தேன். வளைவு வீட்டுப் பெண்ணுக்கு இன்று இரண்டு சடையும் பின்னியாயிற்று என்று படித்தேன். செய்தி தீர்ந்துபோனது. திரையில் எண் அசையாமல் நின்றது. அதில் ஒன்று அவள். மறுபடியும் எலுமிச்சையிலிருந்து ஆரம்பித்தேன். டீச்சர் குடத்தோடு தன் வீட்டு வாசலில் நின்று கத்துவது அலுவலகம்வரை கேட்டது. கத்தட்டும். மூடலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.