ஓநாயின் கடைசிப் பல்

இன்னும் ஒரு பல்தான், அதுவரை யாரும் வந்து கேட்காமல் இருக்க வேண்டும் என்று அகஸ்டினா நினைத்துக்கொண்டாள். அவள் டிரங்குப் பெட்டியில் இருந்த வெண்கல வில்லையில், மானின் கழுத்தைக் கவ்விய ஓநாய் ஆண்டுக்கு ஒரு மயிரிழை வாயைத் திறந்துகொண்டு வந்தது. 1971இல் கணவன் சூசையை அடக்கம் செய்த வாரத்தில் அது தொடங்கியது.

சூசை பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, ஊர்ப் பேச்சில் சொல்தாவாக, இருந்தவன். சைகோனில் ஒரு சீனக் கடையில் வாங்கிய வில்லையைத் தோல் பெல்ட்டில் பதித்துக்கொண்டு குருசுக்குப்பத்துக்குத் திரும்பினான். சீனாவுக்கும் வடக்கே புல்வெளிகளில் குதிரையேறித் திரிந்தவர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இடுப்பில் கட்டியதாம். பதினாறு வருஷம் அந்தப் பெல்ட் அவன் இடுப்பிலும் அவள் முதுகிலும் மாறிமாறிக் கிடந்தது. இடது தோளுக்குக் கீழே ஓநாயும் மானும் அச்சுப் பிசகாமல் பதிந்திருந்தன. மாதா திருவிழாவுக்கு முன் கோயில் மெழுகுதிரித் தண்டுகளோடு வில்லையையும் புளிபோட்டுத் துலக்குவாள். தன்னை அடித்த பொருளை ஏன் துலக்குகிறாள் என்று அவளுக்கே விளங்கியதில்லை. மானின் கழுத்தில் மட்டும் அழுத்தித் தேய்க்க மாட்டாள்.

வில்லையில் பல் விலகியபோதெல்லாம் தோள் தழும்பிலும் விலகியது. 1976இல் கொழுந்தன் தனிஸ்லாஸ் விளையாட்டாகப் பெல்ட்டைக் கட்டிப் பார்த்தார். ஐந்து வருஷத் திறப்பும் ஒரே நொடியில் மூடிக்கொண்டது. அவள் ரவிக்கையில் இரத்தம் கசிந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. 1982 மழைக்காலத்தில் மான் தலை நிமிர்த்தியது. அன்றுதான் அவள் மல்லாந்து படுத்துத் தூங்கினாள். பிறகு பெட்டியைச் சுற்றித் தரையில் புல் முளைத்தது. பக்கத்து வீட்டு வீராயி அதை ஆட்டுக்கு அறுத்துப் போனாள். “நல்லாத்தான் பால் குடுக்குது. ஆனா நாள் பூரா வடக்கையே பாத்துக்கினு நிக்குது,” என்றாள்.

1985இல் மகள் அந்தோணிமேரிக்குக் கல்யாணம் நிச்சயமானது. தனிஸ்லாஸ் வந்தார்.

“அண்ணி, மாப்பிள்ளையும் சொல்தா. அண்ணன் பெல்ட்ட எடுத்துக் குடுங்க, கோயிலுக்குக் கட்டிக்கினு வரட்டும். நீங்க என்ன பேண்ட்டா போடப் போறீங்க?”

மாப்பிள்ளை நல்ல பையன். சிரித்தால் கண்ணும் சேர்ந்து சிரிக்கும். சூசைக்கும் அப்படித்தான் இருந்தது.

பெட்டிக்குள் மான் புல்லைக் கடிக்கும் சத்தம் இருவருக்கும் கேட்டது. தனிஸ்லாஸ் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். அகஸ்டினா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“வேற பெல்ட்டு வாங்கிக் குடுக்கறேன் தம்பி,” என்றாள். “இது வேணாம்.”