வெள்ளையா, சிவப்பா

கோர்ட்டில் முப்பத்திரண்டு வருஷம் சுருக்கெழுத்து எழுதி ஓய்வுபெற்றவள் அவள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. வீட்டில் கூட இருந்தவை இரண்டு பழைய கார்கள்தான். வெள்ளைக் கார் அப்பா விட்டுப்போனது. சிவப்பு அவளே ஆசைப்பட்டு வாங்கியது.

தனிவீட்டை விட்டு ஃப்ளாட்டுக்கு மாறும்படி தங்கை மகன் போனிலேயே பேசிச் சம்மதிக்க வைத்துவிட்டான். அங்கே ஒரு காருக்குத்தான் இடம்.

"எதை வெச்சுக்கறதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க பெரியம்மா. ரெண்டையும் தலைமுழுகினாலும் நல்லதுதான்."

விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்வது அவளுக்குப் பிடிக்காது. தண்ணீர்த் தொட்டியிலிருந்து மேட்டு ஆஸ்பத்திரி வரை, ஒரே பாதையில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தாள். திங்கட்கிழமை வெள்ளை. சாவியைத் திருப்பியதும் கிளம்பி, ஏற்றத்தில் மெதுவாக, மூச்சு வாங்காமல் ஏறியது. செவ்வாய்க்கிழமை சிவப்பு. நாலு தடவை இருமிய பிறகுதான் உயிர் வந்தது. ஆனால் ஏற்றத்தில் பிய்த்துக்கொண்டு போனது. வளைவில் அது திரும்பிய அழகுக்கு வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்து சீட்டில் கேட்க ஆளில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது.

வழக்கமாக வரும் மெக்கானிக் வந்தார்.

"இதுல யோசிக்க என்னக்கா இருக்கு? வெள்ளையை வெச்சுக்குங்க. பச்சப்புள்ள கூட ஓட்டும். இந்தச் சிவப்போட ரெண்டு கார்புரேட்டரும் மாமியார் மருமக மாதிரி. ஒண்ணைச் சரிபண்ணினா இன்னொண்ணு மூஞ்சியத் தூக்கும்."

அவர் சொன்னது நியாயம்தான். வீட்டுக்கு வந்து பராமரிப்பு நோட்டைப் பிரித்தாள். போன வருஷம் வெள்ளைக்கு மூன்றே வரி: ஆயில், பேட்டரி, ஒரு டயர். சிவப்புக்குப் பதினொரு பக்கம். கை பழக்கதோஷத்தில், மெக்கானிக் பேசியதையும் சேர்த்து எழுதியிருந்தது. மகளுக்குப் பல் முளைத்தது. மனைவியோடு சண்டை, பிறகு சமாதானம். அந்த வருஷம் அவள் வீட்டுக்குள் மனிதக் குரல் கேட்ட நாட்களெல்லாம் அந்தப் பதினொரு பக்கத்தில்தான் இருந்தன.

அவள் வெள்ளையை விற்றாள்.

"அக்கா, தெரிஞ்சே கிணத்துல விழறீங்களே!" என்று மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார்.

அவருக்கு மனசு கேட்கவில்லை. வயதான காலத்தில் அக்கா நடுரோட்டில் நிற்கக்கூடாதென்று, காரைப் பத்து நாள் தன் பட்டறையில் வைத்து எஞ்சினையே பிரித்துச் சேர்த்துக் கொண்டுவந்து விட்டார். "இனிமே என்னைக் கூப்பிட வேண்டிய வேலையே இருக்காது" என்றார் பெருமையாக.

அவர் சொன்னபடியே ஆயிற்று. ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. சிவப்பு இருமவில்லை, கொதிக்கவில்லை. குடிவந்த ஃப்ளாட்டில் எதிர்க்கதவு திறந்து மூடும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு வியாழக்கிழமை காலை அவள் போன் செய்தாள்.

"தம்பி, வண்டியில ஏதோ சத்தம் கேக்குது."

வந்தார். பானெட்டைத் திறந்து காதைச் சாய்த்தார். எஞ்சின் சீராக ஓடியது. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாக்கா, லேசா கேக்குது," என்றார் கையைத் துடைத்தபடி. "இது ஒரு நாள்ல பிடிபடாது. வாராவாரம் வந்து பாத்தாத்தான் தெரியும்."

"மேல வாங்க தம்பி, டீ போடறேன்" என்று அவள் அவசரமாகப் படியேறினாள்.