நனையாத பை

வொன்ஹீ அந்தக் கைப்பையை வாங்கியதே பள்ளித் தோழி நாரேயின் கல்யாணத்துக்காகத்தான். மாப்பிள்ளை பக்கத்துப் பெண்கள் எல்லோரும் வருவார்கள், ஒவ்வொருத்தி தோளிலும் ஒரு வருஷச் சம்பளம் தொங்கும், நாம் மட்டும் துணிப்பையோடு போய் நிற்பதா என்று ரோஷம். விடியும் முன்பே மடக்கு நாற்காலியோடு போய் டிபார்ட்மெண்ட் ஸ்டோர் வாசலில் வரிசை பிடித்து, ஆட்டுத்தோலில் செய்த கறுப்புப் பையை வாங்கிவந்தாள். பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் உட்கார்ந்து வாங்கும் சம்பளத்தில் அதன் தவணையைக் கட்ட முடியாது என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் போய் விழுந்தாள். ரொக்கம் கொடுத்து வாங்கியதாக நாரேயிடம் பீற்றிக்கொண்டது தனி.

மதியச் சாப்பாட்டை மலிவான முக்கோணச் சோற்றுப் பொட்டலத்தோடு முடித்துக்கொண்டு பார்த்தாள். போதவில்லை. சனிக்கிழமைகளில் வாடகைத் தோழியாகப் போக ஆரம்பித்தாள். சியோலில் கல்யாணப் போட்டோவில் மணப்பெண் பக்கம் ஆள் குறைந்தால் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் தலைக்குனிவு. அப்படிப்பட்டவர்கள் தாக் மேடத்துக்குப் போன் போடுவார்கள். மேடம் பெண்களை அனுப்பிவைப்பாள். நல்ல பை வைத்திருப்பவளுக்கு முன்வரிசை. மணப்பெண் வீசும் பூச்செண்டை யார் பிடிப்பது என்பதை இங்கே முன்கூட்டியே பேசிவைப்பார்கள். அதைப் பிடிப்பவளுக்கு மேற்கொண்டு கொஞ்சம் காசு. ஆக வேலையும் பைக்கு, சம்பளமும் பைக்கு. வொன்ஹீ அதைச் சுமந்துபோகிற கூலியாள், அவ்வளவுதான்.

செண்டு பிடித்தவளுக்கு ஆறு மாதத்தில் கல்யாணம் ஆகிவிடும் என்பார்கள். அந்தக் கணக்குப்படி வொன்ஹீக்கு இந்நேரம் ஒரு டஜன் புருஷன் இருக்க வேண்டும்.

நாரே அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எனக்குன்னு இருக்கிறவ நீ ஒருத்திதான்டி. என் செண்டை நீதான் புடிக்கணும்." வொன்ஹீக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு போய், கல்யாண நாளான அதே சனிக்கிழமை நண்பகலில் ஆற்றுக்குத் தெற்கே ஒரு மண்டபத்தில் தாக் மேடத்தின் வேலையையும் ஒப்புக்கொண்டாள். தவணைத் தேதி திங்கட்கிழமை. நாரேயின் கல்யாணம் வடக்கே, பிற்பகலில். போட்டோ முடிந்ததும் ஓடிவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

போட்டோ முடிந்தது. முன்பின் தெரியாத மணப்பெண் வீசிய செண்டைப் பிடித்து, நெஞ்சோடு அணைத்து, அழுவதுபோல் சிரித்தும் காட்டியாயிற்று. கிளம்பப் பார்த்தால் மேடம் வாசலை மறித்துக்கொண்டாள். பெண்ணின் அத்தைகளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் காசு, நெருங்கிய தோழி சாப்பிடாமல் போனால் சந்தேகம் வரும் என்றாள். வொன்ஹீ பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு அத்தை அவளுக்கு விலா எலும்புக் கறியை எடுத்து எடுத்து வைத்து, பெண் சின்ன வயதில் எப்படி இருந்தாள் என்று கேட்டுக் கழுத்தறுத்தாள்.

வெளியே வந்தால் மழை கொட்டுகிறது. குடைத் தாங்கியில் வைத்த குடையை எவளோ எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ரயில் நிலையம் எதிர்த்தெருவிலேயே இருந்தது. ஓடினால் ஓடிவிடலாம். ஆனால் ஆட்டுத்தோலில் ஒரு சொட்டு பட்டாலும் கறை நிற்கும். நாளைக்கு விற்கப் போனால் பழைய பை வாங்கும் கடைக்காரன் பாதி விலைகூடத் தரமாட்டான். உறை ஏதாவது கிடைக்குமா என்று மண்டபத்து ஆளிடம் கெஞ்சினாள். ஈரக் குடைக்கு மாட்டும் நீளமான பிளாஸ்டிக் உறையை நீட்டினான். அதில் பையின் வார் மட்டும்தான் நுழையும். பையை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றதற்கு, விலையுயர்ந்த பொருளுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கையைக் கட்டிக்கொண்டான். மழைநாள் சனிக்கிழமை, டாக்ஸியும் சிக்கவில்லை. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

நாரேயிடமிருந்து செய்தி வந்தது: எங்கே இருக்கிறாய்? மழையில் மாட்டிக்கொண்டேன், கொஞ்சம் தாமதமாகும் என்று பதில் போட்டாள். அதற்குப் பிறகு நாரேயிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் தாக் மேடம் போனும் கையுமாக வந்தாள். வடக்கே அவசரமாக ஒரு ஆள் வேண்டும், இரட்டைச் சம்பளம், போகிறாயா என்று வொன்ஹீயிடம் கேட்டாள்.

"முடியாது மேடம். என் உயிர்த்தோழி கல்யாணத்துக்குப் போகணும்."

பக்கத்தில் நின்ற சேரின் நான் போகிறேன் என்றாள். வேலைக்குப் புதுசு, அவள் தோளில் தொங்குவது சந்தையில் வாங்கிய போலிப் பை. "அக்கா, நீங்களும் வாங்க, ஸ்டேஷன் வரைக்கும் ஓடிடலாம்" என்று சொல்லி, பையைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் இறங்கி ஓடினாள். வொன்ஹீ தன் பையைக் கோட்டுக்குள் செருகி, பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றாள். போலிதானே, அதற்கென்ன கவலை என்று எரிச்சலாக வந்தது.

டாக்ஸி கிடைத்தது. கிடைத்தும் பாலத்தின் நடுவில் நெரிசலில் நின்றது. அவள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் அடுத்த கல்யாணத்தின் பெயரை மாட்டிக்கொண்டிருந்தார்கள். மொய்க் கவரைக் கையில் பிடித்தபடி சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடினாள்.

நாரே ஹன்பொக் என்னும் கொரிய மரபு உடைக்கு மாறி மேசை மேசையாகப் போய் வணங்கிக்கொண்டிருந்தாள். மூலை மேசையில் நாரேயின் அம்மா யாரோ ஒரு பெண்ணின் ஈரத்தலையைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, சமயத்துக்கு வந்து மானத்தைக் காப்பாற்றினாயே என்று தட்டில் கறி வைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் நிமிர்ந்தாள். சேரின். மடியில் நாரேயின் செண்டு. காலடியில் ஊறிப்போய்க் கிடந்தது அவளுடைய போலிப் பை. வொன்ஹீயைப் பார்த்ததும் அவள் வாயில் போட்ட கறி அப்படியே நின்றது.

மாப்பிள்ளை வீட்டாரெல்லாம் கேட்டார்களாம், தோழி எங்கே, செண்டு பிடிப்பவள் எங்கே என்று. கடைசியில் இந்த மண்டபத்து ஆள்தான் யாருக்கோ போன் போட்டு ஆள் வரவழைத்தானாம். நாரே அருகில் வந்து, யாருடைய கதையையோ சொல்வதுபோல இதைச் சொன்னாள். வொன்ஹீ மழை, டாக்ஸி, பாலம் என்று ஏதேதோ சொல்லத் தொடங்கினாள். நாரே அவளை மேலும் கீழும் பார்த்தாள். தலை காய்ந்திருந்தது, கோட்டும் காய்ந்திருந்தது. கோட்டுக்குள் பையின் மூலை துருத்திக்கொண்டு தெரிந்தது.

நாரே கையை நீட்டி, கோட்டின் மேல்பொத்தானைக் கழற்றி, பையை வெளியே எடுத்து விரலால் மெல்லத் தடவிப் பார்த்தாள்.

"நல்லவேளைடி" என்றாள். "ஒரு சொட்டுகூடப் படல."

பையை அவள் தோளிலேயே மாட்டிவிட்டு, அடுத்த மேசையை வணங்கப் போனாள்.