ஐம்பத்தேழாம் வருடத்து பெல் ஏர்

"மெயின எறக்குனது நீதானட்டி?"

"நாந்தான். ஒவ்வொரு வருசமும் நாந்தான எறக்குறேன், இந்தத் தடவ மட்டும் என்ன புதுசா…"

"இந்தத் தடவ எறக்கியிருக்கப்பிடாது! ஆகஸ்ட் மாசம், ஜன்னல் எல்லாம் அடச்சுக் கெடக்கு, உள்ள அடுப்பு மாதிரி வெந்திருக்கும், ஒனக்கு மண்டையில…"

"ஆளில்லாத வீட்டுல ஏசி ஓடுனா தீப்பிடிக்கும், மெயின எறக்கிப் போட்டுட்டுதான் போணும்னு சொன்னது யாரு? நீங்கதான சொன்னிய? நான் வந்து எறங்குன நாள்லேருந்து அதத்தான சொல்லுதிய?"

"வாய மூடு."

"மூடிட்டுத்தான இருக்கேன், நாப்பத்தேழு நாளா."

ஷார்ஜா விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கயிறு கட்டிய இரண்டு பெட்டிகளும் வாசலிலேயே நின்றன. மெயின் சுவிட்சை மறுபடி மேலே ஏற்றியதில் குளிர்சாதனம் உறுமிக்கொண்டிருந்தது. அறை குளிர்வதற்கு இன்னும் நேரம் எடுக்கும் போலிருந்தது. மகன் விபினின் அறை வாசலில் தேவசுந்தரம் ஒரு பக்கமும் சுகிர்தராணி ஒரு பக்கமுமாக, உள்ளே கால் வைக்காமல் நின்றார்கள். மண்ணெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்து கருகியதுபோல் ஒரு வாடை உள்ளிருந்து வந்தது.

கண்ணாடி அலமாரியில் ஏழு தட்டுகள். அவற்றில் நூற்று அறுபத்து மூன்று கார்கள். எல்லாம் அமெரிக்காவின் பழைய கார்கள், நிஜக் காரைப் பதினெட்டில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்தவை. வால் பக்கம் சிறகு வைத்த கேடிலாக், கறுப்பு மஸ்டாங், சுருட்டுப்போல் நீண்ட முப்பதுகளின் பந்தயக் கார்கள். இப்போது அவற்றின் டயர்கள் தார் மாதிரி இளகி, தட்டோடு ஒட்டிப் பரவியிருந்தன. பெயின்ட் பொரிபொரியாகக் கிளம்பியிருந்தது. பசை விட்டுப்போன பம்பர்கள் அந்தந்தக் காரின் முன்னால் விழுந்து கிடந்தன. எல்லாக் கார்களும் ஒரு விரல்கடை தாழ்ந்து, முழங்கால் மடிந்த மாடுகளைப்போல் உட்கார்ந்திருந்தன.

விபினுக்கு எட்டு வயதில் முதல் காரை வாங்கிக் கொடுத்தது தேவசுந்தரம்தான். ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கராஜில் அவர் கார் ஏசி மெக்கானிக். பையனுக்கு விளையாட என்று வாங்கியது. அவன் விளையாடவில்லை, அதன் வருடத்தைக் கேட்டான். அன்றிலிருந்து அவனுக்கு எல்லாமே வருடம்தான். பன்னிரண்டு வயதில் ஒருநாள் கராஜுக்குக் கூட்டிப்போனபோது, ஒரு அரபி கொண்டுவந்து நிறுத்தியிருந்த நிஜமான பெல் ஏர் காரைச் சுற்றிச் சுற்றி வந்து, "ப்பா, கார் ஃபிஃப்டி செவன். இந்த ஹெட்லைட் ரிங் மட்டும் ஃபிஃப்டி சிக்ஸ். யாரோ ஏமாத்திட்டாங்க" என்றான். தேவசுந்தரத்துக்கு உயிரே போயிற்று. அரபி குனிந்து பார்த்துவிட்டு, "வல்லா!" என்று வியந்து சிரித்து, வண்டியிலிருந்து ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தை எடுத்து அவன் கையில் வைத்தான். அப்புறம் பல நாள் கராஜில் எல்லோரும் அவரை "பெரிய இன்ஜினியரோட அப்பா" என்றே கூப்பிட்டார்கள்.

அந்தப் பெல் ஏரின் சின்ன உருவம் மூன்றாவது தட்டில் இருந்தது. பச்சை நிறம். தேவசுந்தரம் உள்ளே போய் அலமாரிக் கதவைத் திறந்தார்.

"தொடாதிய. பிஞ்சிரும்" என்றாள் சுகிர்தராணி.

"பன்னெண்டு வருசமா ஒண்ணும் ஆவலியே இதுக்கு. ஒவ்வொரு வருசமும் ஊருக்குப் போயிருக்கோம். அப்பமும் ஆகஸ்ட்தான். அப்பமும் நீ மெயின எறக்கியிருக்க. அப்பம் உருகாதது இப்பம் எப்படி உருகும்?"

சுகிர்தராணி உள்ளே வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பத்தொன்பது வருடம் நர்ஸ் வேலை பார்த்தவள். எதையும் வரிசையாக நினைத்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. அவள் உதடு மட்டும் அசைந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஒவ்வொரு வருசமும் லிஃப்ட் வந்த பொறவுதான் அவனுக்கு ஏதாவது மறந்துபோவும்."

"என்னது?"

"ஓர்மையில்லியா? ஒரு வருசம் வாட்ச்சு. ஒரு வருசம் ஹெட்போன். எங்கிட்டேருந்து சாவியப் பிடுங்கிட்டு ஓடுவான். நீங்க லிஃப்ட்டுக் கதவக் காலால தடுத்துக்கிட்டு நின்னு ஏசுவிய."

"ஃபிளைட்டு போயிருமேன்னு ஏசுனேன்."

"ஒரு வருசம் அடிக்கவும் செஞ்சிய."

தேவசுந்தரம் சுவரில் இருந்த ஏசியைப் பார்த்தார்.

"திரும்பி வரும்போதும் அப்படித்தான்" என்றாள் அவள். "பெட்டிய நாம ரெண்டுபேரும் இழுத்துக்கிட்டு வருவோம். அவன் முன்னால ஓடி வந்து கதவத் தொறப்பான். பாத்ரூம் அவசரம்பான். மெயினு ஏறித்தான் கெடக்கும். அவன் வந்து ஏத்துனான்னு நெனச்சேன். போவும்போதே ஏத்தி வச்சிட்டு வந்திருக்கான்."

"அவன் எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னா விடுவியளா நீங்க? தீப்பிடிக்கும்ப்பிய."

இந்த வருடம் ஜூலை கடைசியில் அவர்கள் கிளம்பியபோது தேவசுந்தரத்தின் கையில் ஒரு கோப்பு இருந்தது. போலீஸ் தாள், தூதரகத் தாள், சவப்பெட்டி விமானத்தில் ஏறுவதற்கான தாள். சுகிர்தராணி கதவைப் பூட்டும் முன் கையை உயர்த்தி மெயினை இறக்கினாள். கை தானாகப் போயிற்று. லிஃப்ட் வந்தது. இரண்டு பேரும் ஏறினார்கள். யாருக்கும் எதுவும் மறக்கவில்லை.

தைத் ஊருக்குப் போகும் சாலையில் மதியம் இரண்டு மணிக்கு நடந்தது அந்த விபத்து. பின் டயர் வெடித்து வண்டி மூன்று முறை புரண்டது என்று போலீஸ் தாளில் இருந்தது. இருபதாவது பிறந்தநாளுக்கு அப்பா வாங்கிக் கொடுத்த பழைய நிசான் சன்னி. இரண்டு வாரம் கராஜிலேயே வைத்து அதை அவரே தயார் செய்தார். ஏசிக்கு கேஸ் அடைத்தார், பிரேக் மாற்றினார், கராஜுக்குப் பின் தெருவில் ஏற்கெனவே ஓடிய டயர்களை விற்கும் கடையிலிருந்து நான்கு டயர் எடுத்துவந்து மாட்டினார். பார்த்தால் புதிது மாதிரி இருந்தன. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும், கடைசி இரண்டும் அது செய்த வருடம், பழசானால் இந்த ஊர் வெயிலுக்குத் தாங்காது என்பதெல்லாம் சுகிர்தராணிக்கும் தெரியும். வருடம் சொல்லும் எந்தப் பொருளைப் பார்த்தாலும் அம்மாவிடம் காட்டுகிறவன் விபின். அப்பா மாட்டிய டயரை மட்டும் அவன் குனிந்து பார்த்திருக்க மாட்டான்.

அடக்கத்துக்கு வந்தவர்களில் யாரும் அதைக் கேட்கவில்லை. முப்பதாம் நாள் பூசையிலும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

தேவசுந்தரம் பெல் ஏரை இரண்டு கையாலும் பிடித்து மெல்லத் தூக்கினார். கார் வந்தது, டயர்கள் வரவில்லை. தட்டில் நான்கு கறுப்பு வட்டங்கள் கிடந்தன. அவற்றிலிருந்து நூல் நூலாகக் கறுப்பு பிசின் இழுபட்டு அறுந்தது. காரைக் கவிழ்த்து வெறும் சக்கரங்களைப் பெருவிரலால் உருட்டிப் பார்த்தார். சுற்றின. கராஜில் ஒரு வண்டியின் கோளாறு பிடிபட்ட நேரத்தில் வரும் முகம் அவருக்கு வந்தது.

"ஒண்ணும் போவல சுகிர்தா. இஞ்ச பாரு, ரிம்மு நல்லாத்தான் இருக்கு. தின்னர் போட்டுத் தொடச்சா இந்தக் கறையும் போயிரும். டயருதான? இதுக்குன்னு தனியா விக்கான். வெள்ளிக்கிழம போய் வாங்கிட்டு வாறேன். நூத்தி அறுவத்து மூணுக்கும் நானே மாத்திருவேன். அவன் வச்ச மாதிரியே வச்சிரலாம், என்ன?"

சுகிர்தராணி அவருடைய கைகளைப் பார்த்தாள். விரல்களிலெல்லாம் கறுப்பு ஒட்டியிருந்தது. அவர் அதைச் சட்டையில் துடைத்தார். அது போகாமல் சட்டையிலும் பரவியது.

"இஞ்சேருங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. "பிள்ளைக்க வண்டியில மாட்டுனியளே, அந்த டயரு எந்த வருசத்துது?"